கன்ட்ரோலரில் 60, கண்ணாடியில் 57, ஐ.ஆர். கன்னில் 42: எதை நம்புவது?

#1 வின்ச்_மூணு

திருப்பூர் சாயப்பட்டறை. திறந்த வின்ச் (ரீலில் துணியைச் சுற்றவிட்டுச் சாயம் ஏற்றும் தொட்டி மெஷின்) இரண்டு, இரண்டிலும் ஒரே ரெசிபி: ரியாக்டிவ் சாயம், 60 டிகிரி. இரண்டாம் நம்பரில் ஷேடு சரியாக வருகிறது. மூணாம் நம்பரில் கொஞ்சம் வெளிறுகிறது. உப்பு, சோடா, தண்ணீர் அளவு, பி.எச். எல்லாம் ஒன்றுதான். மிச்சம் இருப்பது சூடு.

மூணாம் நம்பரில் ஒரே நேரத்தில் எடுத்த ரீடிங்:

கன்ட்ரோலர் (சூட்டைப் பார்த்து ஸ்டீமைத் திறந்து மூடுவது; அதன் பிளாட்டினம் சென்சார் பி.டி.100, தொட்டிக்குள் நீளும் தெர்மோவெல் என்ற உலோகக் குழாய்க்குள்): 60.0
கண்ணாடித் தெர்மாமீட்டர், சிவப்புத் திரவம், தொட்டிக்குள் விட்டது: 57
ஐ.ஆர். கன் (தொடாமல் சூடு பார்ப்பது), தொட்டியின் வெளிப்பக்க ஸ்டீலில்: 42
ஷெட்டுக்குள்: 34

எதை நம்புவது? கன்ட்ரோலரில் ஆஃப்செட் (ரீடிங்கோடு எப்போதும் சேரும் திருத்தம்) மைனஸ் 3 போட்டு முடித்துவிடலாமா?

#2 பாய்லர்_ஃபர்ஸ்ட்கிளாஸ்

தண்ணியைக் கொதிக்க வெச்சு அதுக்குள்ள கண்ணாடியை விடுங்க. 100 காட்டினா கண்ணாடி சரி. அதை வெச்சு மத்ததைத் திருத்திக்குங்க. கன் எல்லாம் கொரோனா காலத்துல நெத்தியில பிடிச்சதோட சரிங்க.

#3 அளவீட்டறை

முதலில் கொதிநீர் சோதனை. திருப்பூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் கொதிநிலை குறையும். அங்கே நல்ல தெர்மாமீட்டர் 99 காட்ட வேண்டும். 100 காட்டினால் அது ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. ஊட்டியில் இதே சோதனையைச் செய்தால் 92, 93தான் வரும். அதோடு 99இல் சரியாக இருப்பதால் 60இலும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்டின் துளை எங்கும் ஒரே அகலமாக இருந்தால்தான் அது பொருந்தும்.

இனி மூன்று ரீடிங்குக்கு வருவோம். எந்தத் தெர்மாமீட்டரும் தன் சூட்டைத்தான் சொல்லும். தொட்டியின் சூடு அதற்குள் முழுசாக வந்து சேர்ந்ததா, வரும் வழியில் எது கூடியது, எது குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

கன்னின் 42ஐ முதலில் ஒதுக்கிவிடலாம். ஐ.ஆர். கன் பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைப் படிக்கிறது. விலை குறைந்த கன்களில் எமிசிவிட்டி (பரப்பு தன் சூட்டுக்குக் கதிர் விடும் திறன், உச்சம் 1) 0.95 என்று நிலையாக வைத்திருப்பார்கள். பளபளக்கும் ஸ்டீலுக்கு அது 0.3, அதற்கும் கீழே போகலாம். மீதி எழுபது சதவீதம் ஸ்டீல் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்பும் ஷெட்டின் கதிர். 0.3 என்று வைத்து, ஷெட் 34, ஸ்டீல் 58 என்று கணக்குப் போட்டால் கன் 42தான் காட்டும். அதாவது கன் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. காட்டிய இடம்தான் சரியில்லை.

தொட்டியின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். குமிழி இல்லாமல் அழுத்தி, இரண்டு நிமிடம் விட்டு, நேராகப் பிடித்து அளங்கள். கன்னில் 12:1 (தூரம்:வட்டம்) என்று போட்டிருந்தால் 60 செ.மீ. தூரத்தில் கன் பார்ப்பது 5 செ.மீ. வட்டம். டேப்பை அதைவிட அகலமாக ஒட்டுங்கள், அல்லது கிட்டே போய்ப் பிடியுங்கள். லேசர் புள்ளி எங்கே பார்க்கிறோம் என்று காட்ட மட்டும்தான். அளப்பதில் அதற்கு வேலை இல்லை. தொட்டியின் நீர்ப்பரப்பை நேரே பார்க்கலாமே என்றால், தண்ணீரின் எமிசிவிட்டி 0.96, நல்லதுதான். ஆனால் ஆவியாதலால் மேல்தோல் ஓரிரு டிகிரி குளிர்ந்திருக்கும், நீராவி லென்ஸில் படியும்.

மீதி 60க்கும் 57க்கும் நடுவில் உள்ள மூன்று டிகிரி. இரண்டு விவரம் வேண்டும். கண்ணாடியை எந்தக் கோடு வரை முக்கினீர்கள்? பி.டி.100இலிருந்து பேனல் வரை எத்தனை வயர், எவ்வளவு நீளம், என்ன கனம்?

#4 வின்ச்_மூணு

கண்ணாடி 20க்குச் சற்றுக் கீழே, 17 கோடு வரை முங்கியிருந்தது. அதற்கு மேல் வெளியே.

கேபிள் இரண்டு வயர், 0.5 சதுர மி.மீ., ஏறக்குறைய 12 மீட்டர். கன்ட்ரோலர் பின்னால் மூன்று டெர்மினல் இருக்கிறது, அதில் இரண்டைச் சின்ன வயர் போட்டு இணைத்திருக்கிறார்கள். இரண்டாம் நம்பர் கன்ட்ரோலர் மெஷினிலேயே இருக்கிறது, வயர் ஒரு மீட்டர்கூட இல்லை.

#5 பேனல்வயர்மேன்

ஆளு சிக்கிட்டாருங்க.

பி.டி.100ன்னா சுழியத்துல 100 ஓம். 60 டிகிரியில 123.24 ஓம். அந்த இடத்துல ஒரு டிகிரிக்கு 0.384 ஓம்தான் ஏறும். கன்ட்ரோலருக்கு எந்த ஓம் பிளாட்டினத்துலருந்து வருது, எந்த ஓம் செம்பு வயர்லருந்து வருதுன்னு தெரியாது. எல்லாத்தையும் சூடுன்னே எடுத்துக்கும்.

0.5 செம்பு வயர் மீட்டருக்கு 0.0344 ஓம். போக 12, வர 12, மொத்தம் 24 மீட்டர். 0.83 ஓம் வருது. 0.384ஆல வகுத்தா 2.15 டிகிரி. அதாவது கன்ட்ரோலர் 60ன்னு காட்டும்போது பி.டி.100 இருக்கிற இடம் 57.85.

மூணாவது வயர் எதுக்குன்னா, ஒரே பக்கத்துலருந்து இரண்டு வயர் வந்தா கன்ட்ரோலர் அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வயர் ரெசிஸ்டன்ஸைத் தனியா அளந்து மொத்தத்துல கழிச்சுடும். மூணு வயரும் ஒரே நீளம், ஒரே கனமா இருந்தாத்தான் இந்தக் கழித்தல் சரியா விழும். பேனல்ல அந்தச் சின்ன வயரை (ஜம்பர்) போட்டு மூடினா கழிக்க ஒண்ணுமில்லை. மூணு வயர் கன்ட்ரோலரை வாங்கி ரெண்டு வயர் கன்ட்ரோலரா ஓட்டறீங்க.

#6 அளவீட்டறை

கண்ணாடிப் பக்கமும் போட்டுப் பார்ப்போம். சிவப்புத் திரவத் தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் முழு முழுக்கு வகை: திரவக் கம்பம் நிற்கும் உயரம் வரை நீருக்குள் இருக்க வேண்டும் என்று கோடு போட்டவை. பின்பக்கம் ஒரு கோடும் ‘76 மி.மீ.’ போல ஓர் எண்ணும் இருந்தால் மட்டும் பகுதி முழுக்கு.

வெளியே நிற்கும் கம்பம் குளிர்ந்திருப்பதால் சுருங்கி, குறைவாகக் காட்டும். திருத்தம் = கெழு × வெளியே உள்ள டிகிரிகள் × (ரீடிங் − தண்டின் சூடு). பாதரசத்துக்குக் கெழு 0.00016, ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 0.001.

இங்கே 57 − 17 = 40 டிகிரி வெளியே. தண்டு 34 என்றால் 0.001 × 40 × 23 = 0.92. ஆவி பட்டுத் தண்டு சூடாகியிருந்தால் 0.8க்கு இறங்கும். எப்படியும் தொட்டி 57.8 முதல் 57.9.

வயர்மேன் போட்ட 57.85உடன் ஒட்டிப் போகிறது. பாதரசமாக இருந்தால் இதே இடத்தில் 0.15தான் திருத்தம், கண்டுகொள்ளாமல் விடலாம். அதற்காகப் பாதரசத் தெர்மாமீட்டரை வின்ச்சுக்குள் விடாதீர்கள். ரீல் சுற்றும்போது துணி தட்டி உடைந்தால் அந்தத் தொட்டி, துணி, கழிவுநீர் எல்லாமே பாழ். தரையில் சிந்தினால் துடைப்பத்தால் கூட்டக் கூடாது, வாக்கும் கிளீனரும் கூடாது. துளி இன்னும் நுண்ணியதாகி ஆவியாகும்.

#7 வின்ச்_மூணு

அப்போ ஆஃப்செட் மைனஸ் 2.1 போட்டால் போதும்தானே? கேபிள் மாற்றுவதென்றால் ட்ரேயைத் திறக்க வேண்டும்.

#8 பேனல்வயர்மேன்

கேபிள் வர்ற வரைக்கும் போட்டுக்குங்க, தப்பில்லை. நிரந்தரமா வேண்டாம். காரணம் சொல்றேன்.

செம்போட ரெசிஸ்டன்ஸும் சூட்டுல ஏறும், டிகிரிக்கு 0.39 சதவீதம். ட்ரே ஸ்டீம் லைன் ஓரமா போச்சுன்னா காலையில 30, மதியம் 60. அதுல மட்டும் கால் டிகிரி ஆடும். அதைவிட மோசம் டெர்மினல். சாயப்பட்டறைக் காத்துல உப்பும் ஈரமும் இருக்கு. ஹெட்டுல (சென்சார் மேல வயர் சேர்ற பெட்டி) ஸ்க்ரூ பச்சை பிடிச்சு அரை ஓம் ஏறினா 1.3 டிகிரி போச்சு. ஆஃப்செட்டுக்கு அது தெரியாது.

பி.டி.100ஓட ஹெட்டைத் திறந்தா ரெண்டு சிவப்பு, ஒரு வெள்ளை இருக்கும். மல்டிமீட்டர்ல சிவப்பு–சிவப்பு கிட்டத்தட்ட சுழியம். சிவப்பு–வெள்ளை 30 டிகிரியில 111.67 ஓம். மீட்டர் வயரோட ஓமை முதல்ல முனையோட முனை தொட்டுப் பார்த்துக் கழிச்சுக்குங்க, இல்லேன்னா அதுவே அரை டிகிரி தின்னும்.

பிறகு ஏதாவது ஒரு வயருக்கும் வெளி ஸ்டீல் உறைக்கும் நடுவுல பாருங்க. மெகா ஓம் கணக்குல இருக்கணும். உறைக்குள்ள ஈரம் போயி 10 கிலோ ஓம்னு இறங்கிச்சுன்னா, உள்ள ஈரம் வயருக்கு வயர் அதே அளவு கசிய விடும். 60 டிகிரியில ரீடிங் கிட்டத்தட்ட 4 டிகிரி குறையும். வயர் நீளத்தால கூடும், ஈரத்தால குறையும். ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சு சரியான மாதிரி காட்டும், அதுதான் ஆபத்து.

மூணு கோர் ஷீல்டு கேபிள் போடுங்க. ஷீல்டைப் பேனல் பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க. ஜம்பரை எடுத்துடணும், இதை மறக்கிறவங்க நிறைய. போட்டு முடிச்சதும் ஹெட்டுல பி.டி.100ஐக் கழட்டி, 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணை வைங்க, அதே ரெண்டு வயரை ஒரு காலுல, மூணாவதை மறு காலுல. கன்ட்ரோலர் சுழியம் காட்டணும். இப்ப இருக்கிற ரெண்டு வயர்ல இதையே செஞ்சா 2.1 காட்டும், அதையும் பார்த்துக்குங்க. ரெசிஸ்டர் 0.1 சதவீத வகையா இருக்கணும். சாதா 1 சதவீதம்னா அதுவே ரெண்டரை டிகிரி முன்னப் பின்ன.

#9 சாலிடர்வாசனை

இரண்டு வின்ச்சையும் ஒரே நேரத்தில் பார்க்க டி.எஸ்.18பி20 என்ற டிஜிட்டல் சூடு சென்சார் போடலாமே? ஸ்டீல் குழாய்க்குள் வருகிறது, அர்டுயினோ (சின்ன நிரல் போர்டு) ஒன்று போதும், ஒரே வயரில் இரண்டு சென்சார்.

#10 அளவீட்டறை

ஒப்பிட்டுப் பார்க்க நல்லது. மைனஸ் 10 முதல் 85 வரை ±0.5 டிகிரி என்பது உற்பத்தியாளர் தரும் எல்லை. வயர் நீளம் ரீடிங்கை மாற்றாது, ஏனென்றால் எண்ணாகவே அனுப்புகிறது. கவனிக்க வேண்டியவை: டேட்டா வயருக்கும் சப்ளைக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். 12 பிட் (அதிக நுணுக்க) அளவீட்டுக்கு 750 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் படித்தால் சரியாக 85.0 வரும், அது மின்சாரம் வந்ததும் சில்லுக்குள் இருக்கும் தொடக்க எண், சூடு இல்லை. சப்ளை நடுவில் ஒரு நொடி அறுந்தாலும் இதே 85 எட்டிப் பார்க்கும். மைனஸ் 127 வந்தால் சென்சாரே பேசவில்லை என்று நிரல் நூலகம் சொல்கிறது. உப்பும் சோடாவும் கலந்த சூடான நீரில் அந்தக் குழாயின் வயர் நுழையும் முனைதான் முதலில் கசியும். முனை நீருக்கு மேலே நிற்கும்படி வையுங்கள். இந்தச் சில்லில் போலிகள் சந்தையில் நிறைய. எதையும் பனிக்கட்டியில் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பனிக்கட்டிச் சோதனையைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். டம்ளர் தண்ணீரில் நாலு கட்டி மிதக்கவிட்டு அடியில் சென்சாரை வைத்தால் 3, 4 டிகிரி காட்டும். நீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அந்த நீர் அடியில் போய் உட்காரும்.

சரியான முறை: வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்க். சுத்தமான ஐஸைப் பட்டாணி அளவுக்கு உடைத்து விளிம்பு வரை நிரப்புங்கள். ஐஸ் பார் வாங்கினால் வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பார் உப்புக் கரைசலுக்குள் நிற்கும் கேனில் உறைவது, மேலே உப்பு ஒட்டியிருந்தால் சுழியத்துக்குக் கீழே இறங்கும். இடுக்குகள் நிறையுமளவுக்கு மட்டும் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள். கட்டிகள் அடி வரை இறுகி நிற்க வேண்டும், மிதக்கத் தொடங்கினால் நீரை இறுத்துவிடுங்கள். 15 நிமிடம் விட்டு, நடுவில் குச்சியால் துளை போட்டுச் சென்சாரைச் செருகுங்கள். அடியும் சுவரும் தொடாமல் 10, 12 செ.மீ. ஆழம். ரீடிங் அசையாமல் நின்றபின் எழுதுங்கள். இது ஏறக்குறைய 0.1 டிகிரிக்கு நம்பலாம். கையில் கிடைக்கும் சோதனைகளில் இதற்கு மிஞ்சியது இல்லை, கொதிநீர்போல ஊர் உயரத்துக்கு ஏற்ப மாறவும் மாறாது.

#11 உலைக்கூடம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு உலோக வயர் சேர்ந்த சூடு சென்சார்), 850இல். பேனல் 850 காட்டும்போது பக்கத்தில் விட்ட இன்னொரு தெர்மோகப்பிள் 920. இதுவும் வயர் நீளம்தானா?

#12 பேனல்வயர்மேன்

தெர்மோகப்பிளுக்கு நீளம் பெரிசில்லைங்க, உலோகம்தான் முக்கியம். அது ஓம் தர்றதில்லை, மில்லிவோல்ட் தருது: கே டைப் 100 டிகிரி வித்தியாசத்துக்கு 4.096. சூடான முனைக்கும், செம்பைச் சந்திக்கிற முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அது சொல்லும். கன்ட்ரோலர் தன் டெர்மினலோட சூட்டைக் கூட்டிக்கும்.

உலை ஹெட்டுலருந்து பேனலுக்குச் சாதா செம்பு வயர் போட்டிருந்தா, ஹெட் 70, பேனல் 35ன்னா 35 டிகிரி குறைச்சுக் காட்டும். உங்களுக்கு 70 குறையுது, சரியா ரெட்டிப்பு. காம்பன்சேட்டிங் கேபிளை (தெர்மோகப்பிளுக்கு ஏத்த உலோகத்துல வர்றது) ரெண்டு முனையிலயும் பிளஸ் மைனஸ் மாத்திப் போட்டா ஹெட்–பேனல் வித்தியாசம் ரெண்டு மடங்கா குறையும். முதல்ல அதைப் பாருங்க. ஒரு முனையில மட்டும் மாத்தியிருந்தா உலை ஏற ஏற ரீடிங் இறங்கும், அதை அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பீங்க.

கலர்தான் இங்க எல்லாரையும் கவுக்குது. அமெரிக்க முறையில கே டைப்புக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் கை தானா பிளஸ்ல போயிடும். ஐ.இ.சி. (சர்வதேச மின் தர) முறையில பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சந்தேகம்னா தெர்மோகப்பிள் வயர்ல காந்தம் வைங்க: கே டைப்ல ஒட்டறது மைனஸ். ஜே டைப்ல நேர் எதிர், இரும்பு பிளஸ்.

#13 அளவீட்டறை

வயரிங் சரியாக இருந்தும் குறைந்தால் தெர்மோகப்பிளே கெட்டிருக்கலாம். கே டைப்பின் பிளஸ் வயரில் குரோமியம் இருக்கிறது. 800க்கு மேல், ஆக்ஸிஜன் குறைவான மூடிய உறைக்குள் குரோமியம் மட்டும் துருப்பிடித்துப் பச்சையாகும், ரீடிங் மெல்ல மெல்லக் கீழே சரியும். அதைக் கழற்றி வேறு உலையில் வைத்துச் சோதிக்காதீர்கள். கெட்ட பகுதி இப்போது எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்து மில்லிவோல்ட் மாறும். அதே இடத்தில், அதே ஆழத்தில், புதியது ஒன்றைப் பக்கத்தில் விட்டு ஒப்பிடுவதுதான் சரி.

#14 பாய்லர்_ஃபர்ஸ்ட்கிளாஸ்

கொதிநீர் விஷயம் ஒத்துக்கறேன். ஒரு சந்தேகம்: பாலியஸ்டர் ஓட்டற 130 டிகிரி மெஷினுக்குள்ள கண்ணாடியை விட முடியாதே. பிரஷர் கேஜை வெச்சு நீராவி டேபிள்ல சூட்டைப் பார்த்துக்கலாமா?

#15 அளவீட்டறை

நிறைவுற்ற நீராவிக்கு 130 டிகிரி என்றால் கேஜில் ஏறக்குறைய 1.7 பார். ஸ்டீம் லைனில் இது பொருந்தும். சாய மெஷினுக்குள் காற்று அடைத்து அழுத்தம் ஏற்றியிருப்பார்கள். காற்றின் அழுத்தமும் கேஜில் சேர்ந்துகொள்ளும். அதனால் கேஜ் 1.7க்கு மேல் காட்டினாலும் சூடு 130 ஆகாமல் இருக்கலாம். அங்கே இரண்டாவது தெர்மோவெல் ஒன்று இருந்தால் அதில் விட்டுப் பார்ப்பதே வழி. மெஷின் அழுத்தத்தில் இருக்கும்போது எந்த சென்சார் ஃபிட்டிங்கையும் தளர்த்தக் கூடாது.

#16 வின்ச்_மூணு

மூணு கோர் போட்டாயிற்று. ஜம்பரை எடுத்தோம். 100 ஓம் வைத்தால் முன்பு 2.2, இப்போது 0.1. தொட்டியில் கன்ட்ரோலர் 60.0, கண்ணாடி 59, டேப்பின் மேல் கன் 58.6. பனிக்கட்டியில் இரண்டாம் நம்பர் பி.டி.100 0.2, மூணாம் நம்பர் 0.1.

ஒன்று மட்டும் புரியவில்லை. நிலையாக நிற்கும்போது இரண்டு வின்ச்சும் ஒன்றாக இருக்கின்றன. சூடு ஏற்றும்போது மூணாம் நம்பர் பின்தங்கிக் காட்டுகிறது, திருத்தம் சேர்த்த கண்ணாடியைவிட ஒன்றேகால், ஒன்றரை டிகிரி. பிறகு 60ஐத் தாண்டி 61.5 வரை போய் இறங்குகிறது.

#17 அளவீட்டறை

கண்ணாடி 59 காட்டுவது சரியே. 42 டிகிரி வெளியே இருக்கும், ஏறக்குறைய 1 சேர்த்தால் 60. டேப்பில் ஒன்றரை குறைவது ஸ்டீல் சுவர் காற்றில் இழப்பதும் கன்னின் துல்லிய எல்லையும் சேர்ந்தது. அதைத் துரத்த வேண்டாம்.

பின்தங்குவது தெர்மோவெல். ஏறும் வேகத்தைச் சென்சாரின் நேர மாறிலியால் (சூட்டைப் பிடிக்க அது எவ்வளவு தாமதிக்கிறது என்பதன் அளவு) பெருக்கினால் பின்தங்கும் அளவு வரும். நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்றி, மாறிலி 40 செகண்ட் என்றால் 1.3 டிகிரி. உங்கள் ரீடிங்கில் அதுதான் தெரிகிறது. கன்ட்ரோலர் ‘இன்னும் 60 ஆகவில்லை’ என்று நினைத்து ஸ்டீமைத் திறந்தே வைத்திருக்கிறது, மூடும்போது தொட்டி தாண்டிவிடுகிறது.

சென்சாரை உருவி நுனியைப் பாருங்கள். தெர்மோவெல்லின் அடியை அது தொடாவிட்டால் நடுவில் காற்று, காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. ஸ்பிரிங் வைத்த ஹெட் இருந்தால் நுனி அடியை அழுத்தும். இல்லையென்றால் உள்ளே வெப்பம் கடத்தும் பேஸ்ட் கொஞ்சம். 6 மி.மீ. சென்சாருக்கு முழுகியிருக்கும் நீளம் 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் தண்டு வழியாகச் சூடு வெளியே ஓடும். தெர்மோவெல்லின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் சுரண்டிவிடுங்கள்.

#18 வின்ச்_மூணு

உருவிப் பார்த்தோம். நுனிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி, ஸ்பிரிங் இல்லை. தெர்மோவெல்லுக்கு வெளியே சுண்ணாம்பு ஒரு மி.மீ. கனத்துக்கு.

#19 பேனல்வயர்மேன்

அடியைத் தொடற மாதிரி நீளமான சென்சாரா மாத்திட்டு, கன்ட்ரோலர்ல ஆட்டோ டியூன் (அது தன்னைத் தானே மெஷினுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணிக்கிறது) மறுபடி ஒருதரம் ஓட்டிடுங்க. பழைய பின்தங்கலுக்கு ஏத்த மாதிரி செட் ஆனதுங்க அது. தொட்டி நிறைய தண்ணி இருக்கும்போது, துணியோட ஓட்டுங்க, காலித் தொட்டியில வேண்டாம்.